கோட்டுக்கு அடியில் ஏழு வீடு

ஸ்கேலம்மாவுக்குக் கோபம் வந்தால் மணிக்கூண்டுக் கடிகாரம்கூட ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் மணி அடிக்கும் என்பார்கள். சொன்னவர்கள் எல்லாரும் அவளோடு கமிஷனர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள்; ஆகவே அதில் முக்கால்வாசியாவது உண்மை இருக்கும். நிர்வாகப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவள். எந்தத் தெரு எந்தக் காவல் நிலையத்தின் கீழ், எந்த நிலையம் எந்த உதவிக் கமிஷனரின் கீழ், அந்த உதவிக் கமிஷனர் யாருக்கெல்லாம் சல்யூட் அடிக்க வேண்டும், யார் எதிரே வந்தால் செருப்பு வாரைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொள்ளலாம் என்பதுவரை அவளுக்கு அத்துப்படி. கையில் எப்போதும் ஒன்றரை அடி எஃகு ஸ்கேல் இருக்கும். கோடு போடவும் அதுதான், ஜன்னல் கொக்கியைத் தூக்கவும் அதுதான், மேலதிகாரியின் தவறைச் சுட்டிக் காட்டவும் அதுதான். ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஸ்கேலைக் கேட்கிற தைரியம் அந்த நான்கு மாடிக் கட்டிடத்தில் ஒருவருக்கும் இல்லை.

அன்றைக்குக் காலை ஏழே காலுக்கு அவள் குளித்துவிட்டு வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. புருஷனின் செருப்பு இருந்தது, புருஷன் இல்லை. அலமாரியைத் திறந்தாள். பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புச் சட்டையைக் காணோம். பூட்ஸைக் காணோம். டிரம் அடிக்கிற குச்சிகள் இரண்டையும் காணோம்.

புருஷன் காவல்துறை பேண்டில் இருபத்தெட்டு வருடம் டிரம் அடித்தவர். டிரம்மர் என்றுதான் துறையில் அவரைத் தெரியும். இரண்டு வருடமாக அவருக்கு ஞாபகம் ஒரு பக்கமாகக் கரைந்துகொண்டு வந்தது. அடித்த மார்ச் ஒன்றுகூட மறக்கவில்லை. வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணோடு ஒப்பிப்பார். அந்த வீட்டுக்கு எப்படி வருவது என்பதுதான் தெருமுனை தாண்டியதும் காற்றோடு போய்விடும். துறைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா என்று பேப்பரில் வந்ததை முந்தின நாள் சத்தமாகப் படித்தார். “நாளைக்கு டூட்டி இருக்கு” என்றார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே “இருக்கட்டும், இருக்கட்டும்” என்றாள்.

காலை மாத்திரை தட்டில் அப்படியே இருந்தது. அதைப் போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் அவருக்குத் தலை சுற்றும். போன மாதம் சுற்றி, குளியலறையில் விழுந்து, நெற்றியில் நாலு தையல். இந்தத் தடவை சுற்றினால் விழுவதற்குக் குளியலறை இல்லை, தெருக்கோடிக்கு அந்தப் பக்கம் கால்வாய் இருக்கிறது. ஆளை இரண்டு முறை முழுக்காட்டுகிற ஆழம். கரையில் பாதித் தூரத்துக்குக் கம்பி வேலிகூட இல்லை.

தெருவின் மற்ற ஆறு வீட்டிலும் கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு டெய்லர் மட்டும் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை உருவியபடி வெளியே வந்தார்.

“ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதுதானேம்மா. உங்க டிபார்ட்மெண்ட்டு.”

அந்த “உங்க”வில் ஊசி இருந்தது. மூன்று மாதம் முன்பு அவருடைய சைக்கிள் திருடு போனது. மணிக்கூண்டு ஸ்டேஷனுக்கும் பாலத்தடி ஸ்டேஷனுக்கும் நடுவே பதினோரு நாள் நடந்தார். செருப்புத் தேய்ந்தது, சைக்கிள் கிடைக்கவில்லை. அப்போது ஸ்கேலம்மா தன் வாசலில் நின்று, “உங்களுக்கு முறையா சொல்லத் தெரியல, டிபார்ட்மெண்ட்ட குறை சொல்லாதீங்க” என்று தெருவே கேட்கும்படி தீர்ப்பு வழங்கியிருந்தாள்.

“வண்டி எடுக்கறீங்களா, இல்ல குத்திக் காட்டிட்டே நிக்கப் போறீங்களா?” என்றாள் இப்போது.

“ரெண்டையும் சேத்தே பண்ணுவேன். ஏறுங்க” என்று டெய்லர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

மணிக்கூண்டு ஸ்டேஷனின் ரைட்டர், அதாவது புகார்களை எழுதிக்கொள்பவர், தொப்பியைக் கழற்றி அதற்குள் வேர்க்கடலை வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுக்காரரக் காணோம். எழுபத்தொரு வயசு, காலைல ஏழு மணிலேர்ந்து—”

“அட்ரஸ் சொல்லுங்கம்மா.”

“ஆளு காணோம்ங்கறேன். அட்ரஸ் அங்கேயேதான் இருக்கு, அது ஒண்ணும் காணாமப் போகல.”

“மொதல்ல அட்ரஸ். அதுதான் முறை.”

முறை என்ற சொல்லுக்கு ஸ்கேலம்மா கட்டுப்பட்டவள். சொன்னாள். ரைட்டர் ஒற்றை விரலால் கம்ப்யூட்டரைக் குத்தினார். திரையைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது; பரீட்சை ரத்து என்று கேட்ட பையனுக்குக்கூட அவ்வளவு நிம்மதி வராது.

“நம்ம லிமிட் இல்ல. பாலத்தடி.”

“சரி, போறேன். இந்த போட்டோவையாவது பாத்து வெச்சுக்கோங்க. இந்தப் பக்கம் வந்தா—”

ரைட்டர் சட்டென்று பதிவேட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். “காட்டாதீங்கம்மா! போட்டோவப் பாத்துட்டா கேஸு எங்களோடது ஆயிடும். நான் பாக்கல. தம்பி, நீ பாத்தியா?”

“கண்ண மூடிக்கிட்டேன் சார்” என்றார் வாசல் காவலர்.

பாலத்தடி ஸ்டேஷனில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர். அவளும் அட்ரஸில்தான் தொடங்கினாள். பக்கத்து மேசையில் ஒரு இளம் காவலர் இரண்டு பேனாக்களால் மேசையில் டக்கு டக்கு டட்டட டக்கு என்று தட்டிக்கொண்டே இருந்தார். ஸ்கேலம்மாவின் நெற்றிப் பொட்டில் அது ஆணி இறக்கியது.

“தம்பி, அத நிறுத்தறியா? இல்ல விரல்ல ஒண்ணு வைக்கவா?” என்று ஸ்கேலைக் காட்டினாள். பேனாக்கள் நின்றன.

“மணிக்கூண்டு லிமிட்டும்மா இது” என்றாள் சப்-இன்ஸ்பெக்டர்.

“அங்கேருந்துதான் வரேன்.”

“அவங்க அப்படித்தான் சொல்வாங்க.”

“அவங்களும் உங்களப் பத்தி அதேதான் சொல்றாங்க.”

“அவங்க சொல்றது பொய்ம்மா. நாங்க சொல்றது மேப்பு.” திரையைத் திருப்பிக் காட்டினாள். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை ஓடியது. “கோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்க. உங்க வீடு இந்தப் பக்கம் இல்ல.”

“அந்தக் கோட்டப் போட்டதே நான்தான்டியம்மா!” என்று ஸ்கேலம்மா போட்ட சத்தத்தில் லாக்கப்பில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து, தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று கையைக் கட்டி நின்றான். “நாப்பத்தோரு வருஷம் முன்னாடி, என் கையால! நாலு ஸ்டேஷன் இருந்த ஊர இருபத்தாறா பிரிச்சப்போ, ஒவ்வொரு தெருவா நடந்து அளந்து நான் போட்ட கோடு!”

“ரொம்ப நல்லதாப் போச்சு. அப்போ நீங்களே சொல்லுங்க, உங்க வீடு எந்தப் பக்கம்?”

ஸ்கேலம்மா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். தெருமுனையில் இருந்த தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. டெய்லர் வீட்டுக்குப் பின்னால் இருந்த அச்சகம் தெரிந்தது. நடுவில் மஞ்சள்தான் இருந்தது, தெரு இல்லை.

“உங்க கம்ப்யூட்டரு கோட்டக் கொழுக்க வெச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நண்பகலுக்குள் இரண்டு ஸ்டேஷனுக்கும் மும்மூன்று தடவை போய்விட்டார்கள். நடுவில் பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பேண்டு பயிற்சி செய்கிற மைதானம் எல்லாம் பார்த்தாயிற்று. கால்வாய்ப் பாலத்தின் மேல் ஸ்கூட்டரை நிறுத்தச் சொல்லித் தண்ணீரைப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீர் ஒன்றும் சொல்லாமல் ஓடியது. சிவப்பாக ஏதாவது தெரிந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பயமும் வெளியே வரும்போது கோபமாகத்தான் வந்தது. மணிக்கூண்டு ரைட்டரின் வேர்க்கடலைத் தொப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பாலத்தடியில் “அடுத்த தடவ நான் வரும்போது இங்க ஒரு ஸ்டேஷன் இருக்காது, வெறும் மைதானம்தான் இருக்கும்” என்று அறிவித்தாள்.

“பாவம், புள்ளைங்க பயந்துடுச்சுங்க” என்றார் டெய்லர்.

“நீங்க அன்னிக்கு என்ன பண்ணீங்க? கத்தினீங்களா?”

“கத்தல. நம்மளுக்குத்தான் முறையா சொல்லத் தெரியாதே.”

ஸ்கேலம்மா ஸ்கேலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு, காற்றில் கேட்டும் கேட்காமலும், “நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றாள்.

“என்னம்மா? காது கேக்கல.”

“கேட்டுச்சுன்னு தெரியும். வண்டிய கமிஷனர் ஆபீசுக்கு விடுங்க. அசல் மேப்பு அங்கதான் இருக்கு. கம்ப்யூட்டரு பொய் சொல்லும், என் கை சொல்லாது.”

கமிஷனர் அலுவலகத்தின் பெரிய கூடத்தில் விழாக் கண்காட்சி. பத்திரிகைக்காரர்கள், பூங்கொத்துகள், கஞ்சி போட்ட சட்டைகள். சுவரில் துறையின் சரித்திரம் வரிசையாகத் தொங்கியது. முதல் படத்தில் பதினெட்டு ஆட்களும் பன்னிரண்டு லாந்தர்களும். அப்படித்தான் துறை ஆரம்பித்ததாம். லாந்தர் கிடைக்காத ஆறு பேர் இருட்டில் எதைக் காத்தார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்து குதிரைப்படை, பிறகு அதே ஆட்கள் சைக்கிளில், அதே மீசையோடு. அதற்கப்பால் ஒரு ஆள் உயர விளக்கப்படம்: உச்சியில் கமிஷனர், கீழே இணை, துணை, உதவி என்று இறங்கி, குற்றப்பிரிவு, போக்குவரத்து, ஆயுதப்படை, வயர்லெஸ் என்று விழுது விட்டிருந்தது. அடி மூலையில் மோப்ப நாய்ப் பிரிவுக்கும் பேண்டுக்கும் சேர்த்து ஒரே கட்டம். அந்தக் கட்டத்துக்காக ஸ்கேலம்மா ஒரு காலத்தில் ஆறு மாதம் சண்டை போட்டிருக்கிறாள். நாய்ப் பிரிவும் சண்டை போட்டது. தங்களுக்குத் தனிக் கட்டம் வேண்டும் என்று.

கூடத்தின் நடுச்சுவரில், தேக்குச் சட்டத்துக்குள், அவளுடைய வரைபடம்.

அதன் முன்னால் நின்றுதான் கமிஷனர் பேசிக்கொண்டிருந்தார். பளபளவென்று இருந்தார், பேச்சும் பளபளவென்று இருந்தது. “இந்த நகரத்தில் காவல் இல்லாத இடம் ஓர் அங்குலம்கூடக் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிலையம் பொறுப்பு. நாற்பத்தோரு வருடத்துக்கு முன்பு கையாலேயே வரையப்பட்ட இந்த வரைபடம்தான் இன்றைக்கும் நம் கணினிக்கு மூலம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். கைதட்டல் ஓயும் முன் ஒரு குரல் கூடத்தைக் கிழித்தது.

“அப்போ என் வீடு எந்த அங்குலம்?”

கூட்டம் தானாக விலகியது. கத்தி மாதிரி ஸ்கேல் முன்னால் வர, அதன் பின்னால் ஸ்கேலம்மா வந்தாள். அவளுக்குப் பின்னால், தலை குனிந்து, அளவு நாடாவைப் பாக்கெட்டில் திணித்தபடி டெய்லர்.

“காலைலேர்ந்து என் வீட்டுக்காரரக் காணோம் சார். உங்க பேண்டுல இருபத்தெட்டு வருஷம் அடிச்சவரு. ரெண்டு ஸ்டேஷன்ல ஆறு தடவ கேட்டுட்டேன், ஒரு வரி எழுதிக்கல. போட்டோவப் பாக்கக்கூட மாட்டேங்கறாங்க. தள்ளுங்க, கோடு எங்க போகுதுன்னு நான் காட்டறேன்.”

கமிஷனர் தள்ளிக்கொண்டார். அந்த இடத்தில் யாராக இருந்தாலும் தள்ளித்தான் இருப்பார்கள்.

அவள் கண்ணாடியின் மேல் ஸ்கேலை வைத்தாள். மணிக்கூண்டிலிருந்து விரலால் கோட்டைத் தொடர்ந்தாள். ஆரம்பத்தில் கோடு முடி மாதிரி மெல்லிசாக, அவளே பெருமைப்படும்படி ஓடியது. பழைய கால்வாயைத் தொட்ட இடத்தில் சட்டென்று தடித்தது. ஸ்கேலில் பார்த்தாள். ஒன்றரை மில்லிமீட்டர்.

கம்ப்யூட்டர் கோட்டைக் கொழுக்க வைக்கவில்லை.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கெடுவின் கடைசி நாள். அப்போதைய கமிஷனர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். மெல்லிய நிப்பு பட்டென்று உடைந்தது. தலைப்பு எழுதுகிற தடித்த நிப்புதான் மீதி. கோட்டில் மிச்சம் இருந்தது கால்வாய்ப் பகுதி மட்டும். தண்ணீர்தானே, அங்கே யார் திருட்டுக் கொடுக்கப் போகிறார்கள் என்று தடித்த நிப்பாலேயே இழுத்து முடித்தாள். இந்த வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் பத்து மீட்டர். பிறகு ஒரு நாள் நகராட்சி கால்வாயைத் தள்ளி ஓடவிட்டு, பழைய இடத்தை மூடித் தெரு போட்டது. ஏழு வீடு எழுந்தது. ஓய்வுப் பணத்தைக் கொட்டி அதில் ஒன்றை அவளே வாங்கினாள். ஒன்பது வருடமாகத் தன் மைக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறாள்.

“நிப்பு” என்றாள், யாரிடமும் இல்லாமல். “என் நிப்பு.”

கமிஷனருக்கு மூச்சு திரும்பியது. “பார்த்தீர்களா அம்மா, இது தொழில்நுட்பக் கோளாறு. ஒரு குழு அமைத்து, ஆறு வாரத்தில்—”

“ஆறு வாரமா?” அவள் திரும்பிய வேகத்தில் முன்வரிசைப் பூங்கொத்து ஒன்று இதழ் உதிர்த்தது. “சாயங்காலத்துக்குள்ள அவருக்குத் தலை சுத்தும் சார்! கால்வாய்க்குக் குழுவையா வேலியாக் கட்டுவீங்க?”

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. தடித்த கோட்டைப் போட்டுவிட்டு அன்றிரவு அவள் தூங்கவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாக வந்து, வரைபடத்தின் அடி ஓரத்தில் மூன்று வரி எழுதினாள். அன்றைய கமிஷனர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். பெரிய மனிதர்களின் வழக்கம். பிறகு இருபத்தாறு நிலையங்களுக்கும் பிரதி எடுத்தபோது, பிரதி ஒட்டுகிற பலகைகளை யாரோ இரண்டு விரல் குட்டையாக வாங்கித் தொலைத்திருந்தார்கள். அதற்காக ஒவ்வொரு பிரதியின் அடி ஓரத்தையும் ஸ்கேல் வைத்து, பிளேடால், அழகாக வெட்டியது யார்? அவளேதான். இதே ஸ்கேல்தான். வெட்டிய பிரதிகள்தான் ஊரெல்லாம் தொங்கின. அதில் ஒன்றுதான் கம்ப்யூட்டருக்குள் போயிருக்கிறது.

அசலின் அடி ஓரத்தைப் பார்த்தாள். மரச்சட்டம் அடித்தவன் அழகுக்காக வைத்த வெள்ளை அட்டை சரியாக இரண்டு விரல் அகலத்துக்கு அதை மூடியிருந்தது.

ஸ்கேலம்மா இரண்டு கையாலும் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். “ஐயோ அம்மா, பாரம்பரியம்!” என்று ஒரு அதிகாரி ஓடி வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அவள் அதைத் தரையில் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்கேல் முனையால் ஆணிகளை நெம்ப ஆரம்பித்திருந்தாள். ஒவ்வொரு ஆணிக்கும் ஒரு வசவு விழுந்தது: ஒன்று ரைட்டருக்கு, ஒன்று மரச்சட்டக்காரனுக்கு, ஒன்று பலகை வாங்கினவனுக்கு. கடைசி இரண்டும் தனக்கு. அவைதான் அதிக வேகத்தில் பிடுங்கிக்கொண்டு வந்தன. டெய்லர் தாமாகவே குனிந்து வெள்ளை அட்டையை நகத்தால் உரித்தார். துணியிலிருந்து தையல் பிரிக்கிற கை; காகிதத்தில் ஒரு கீறல் விழவில்லை.

“படிங்க சார்” என்றாள். “சத்தமா.”

கமிஷனர் குனிந்து படித்தார். பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. “எல்லைக்கோட்டின் தடிமனுக்குள் அடங்கும் இடம் இரு நிலையங்களுக்கும் உரியது. முறையீட்டை முதலில் கேட்டவர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். மற்றவர் எல்லையைக் காரணம் காட்டி விலகலாகாது.” கீழே கையெழுத்து, முத்திரை, தேதி.

“யாராவது இதை ரத்து பண்ணியிருக்காங்களா?” என்று பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் மெல்லக் கேட்டார்.

“இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சாத்தானே சார் ரத்து பண்ண முடியும்?”

பத்திரிகைக்காரர்களின் கேமராக்கள் எல்லாம் இப்போது தரையைப் பார்த்திருந்தன. கமிஷனர் நிலைமையைப் புரிந்துகொள்ளத் தெரிந்தவர். தெரியாதவர்கள் அந்த நாற்காலிவரை வருவதில்லை. வயர்லெஸ்ஸை வாங்கி மணிக்கூண்டையும் பாலத்தடியையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டார். அந்தத் தெரு இரண்டு பேருக்கும் சொந்தம் என்றார். எழுபத்தொரு வயதுக்காரர், சிவப்பு பேண்டுச் சட்டை, கையில் டிரம் குச்சி, உடனே தேட வேண்டும் என்றார்.

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும். பிறகு மணிக்கூண்டு ரைட்டரின் குரல். “சார்... சிவப்புச் சட்டைங்களா? பித்தளைப் பட்டனுங்களா?”

“ஆமாம்.”

“அவரு காலைலேர்ந்து மூணு வாட்டி வந்தாரு சார். பொண்டாட்டியக் காணோம்னு கம்ப்ளெயிண்ட் குடுக்க வந்தாரு. அட்ரஸ் கேட்டோம், நம்ம லிமிட் இல்ல. பாலத்தடிக்குப் போகச் சொல்லிக் கால்வாய்க் கரை வழியக் காட்டிவிட்டோம்.”

பாலத்தடிக் குரல் குறுக்கே புகுந்தது. “எங்ககிட்டயும் வந்தாரு சார். எங்க கான்ஸ்டபிளுக்கு மேசைல மார்ச் தட்டக்கூடச் சொல்லிக் குடுத்தாரு. நல்ல மனுஷன். இப்பத்தான் திரும்ப மணிக்கூண்டுக்கு அனுப்பினோம்.”

ஸ்கேலம்மாவின் காதில் மட்டும் டக்கு டக்கு டட்டட டக்கு கேட்டது. அந்த மேசை முன்னால் நின்று, நிறுத்து என்று அதட்டியிருக்கிறாள். அவர் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன மார்ச் அது. அவள் மெயின் ரோட்டில் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் அவர் கால்வாய்க் கரையில் எதிர்த் திசையில் நடந்திருக்கிறார். ஒரு வரி, ஒரே ஒரு வரி யாராவது எழுதி வைத்திருந்தால் போதும். ஒன்பது மணிக்கே வீட்டில் உட்கார்ந்து மாத்திரை போட்டிருப்பார்.

“கரை வழி” என்றாள் டெய்லரிடம். “பறக்கணும்.”

டெய்லர் நிஜமாகவே பறந்தார். அந்த ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து அந்த வேகத்தைக் கண்டதில்லை, அதற்கப்புறமும் காணவில்லை.

வேலி முடிகிற இடத்தில், கடைசிக் கம்பியில் சாய்ந்து அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பூட்ஸ் காலில், இன்னொன்று பக்கத்தில். முகம் வெளுத்து, உதடு காய்ந்து. இன்னும் நாலடி நகர்ந்திருந்தால் சாயக் கம்பி கிடையாது. ஆனால் கை மட்டும் கம்பியில் குச்சியால் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

“எங்கடி போன?” என்றார் அவளைப் பார்த்ததும். “காலைலேர்ந்து உன்னத் தேடறேன். ஒருத்தனும் எழுதிக்க மாட்டேங்கறான். உன் டிபார்ட்மெண்ட் உருப்படவே உருப்படாது.”

“என்னத் தேடினீங்களா? நான் எங்க போனேன்? நீங்கதான—” அதற்குமேல் சண்டை வரவில்லை. மடியிலிருந்து மாத்திரையை எடுத்தாள். டெய்லர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். புருஷன் விழுங்கும்வரை அவர் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றாள். விட்டால் கால்வாய் எடுத்துக்கொண்டு போய்விடும் என்பது மாதிரி.

மணிக்கூண்டுப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது. பாலத்தடிப் பக்கமிருந்து ஒன்று. இரண்டும் மூக்கோடு மூக்கு உரசுகிற மாதிரி நின்றன. ரைட்டர் குதித்து இறங்கினார்.

“ஐயா, வாங்க, எங்க ஜீப்புல ஏறுங்க. இது எங்க லிமிட்டு.”

“யார் சொன்னது? மொதல்ல கேட்டது நாங்க. எங்க லிமிட்டு!” என்றாள் சப்-இன்ஸ்பெக்டர்.

“ஏழரைக்கே எங்ககிட்ட வந்துட்டாரும்மா!”

“வந்தாரு, நீங்கதான் துரத்தினீங்களே!”

டிரம்மர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவங்கதான்டி” என்றார். “ரெண்டு பேரும் நல்லவங்க. உக்கார வெச்சுத் தண்ணி குடுத்தாங்க. கேட்டத மட்டும் எழுத மாட்டாங்க.”

ஸ்கேலம்மா மணிக்கூண்டு ஜீப்பின் முன்பக்கத்தில் ஸ்கேலால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அந்தத் தகரத்தில் விழுந்த பள்ளத்தை இப்போதும் போய்ப் பார்க்கலாம்.

“பதிவேட்ட எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும்.”

எடுத்து வந்தார்கள். ஜீப்பின் முன்பக்கமே மேசை ஆனது. ரைட்டர் பேனாவைத் திறந்தார், பிறகு தயங்கினார். “அம்மா, காணாமப் போனவருதான் கெடச்சுட்டாரே. இனி என்ன எழுதறது?”

“காலைல ஏழரைக்கு இவரு வந்தாருன்னு எழுது. என்ன கேட்டாரு, நீ என்ன சொன்னன்னு எழுது. எட்டரைக்கு நான் வந்தேன். போட்டோவ நீட்டினேன், நீ பதிவேட்டால மூஞ்சிய மறைச்சுக்கிட்டன்னு எழுது. நீயும் எழுதும்மா, உன் பங்கு தனியா. அதுக்கு அடுத்த பக்கத்துல இவரோட சைக்கிள். மூணு மாசம் முன்னாடி, பதினோரு நாள். டெய்லர் சார், முறையா சொல்லுங்க. யாரும் குறுக்க பேச மாட்டாங்க.”

டெய்லர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சைக்கிளின் நிறத்திலிருந்து ஆரம்பித்தார். இரண்டு பேனாவும் ஓடின. டிரம்மர் ஒற்றை பூட்ஸோடு ஜீப்பின் படியில் உட்கார்ந்து, பேனா ஓடுகிற வேகத்துக்குத் தாளம் பிடித்தார். ரைட்டர் பக்கத்தின் அடிவரைக்கும் எழுதிக்கொண்டே போக, காகிதத்தின் மேல் எஃகு ஸ்கேல் குறுக்கே வந்து விழுந்தது.

“அடியில ரெண்டு விரல் இடம் விடு” என்றாள் ஸ்கேலம்மா. “அங்க நான் எழுதணும். அத எவன் வெட்டறான்னு நான் பாக்கறேன்.”